'அப்பா என்ன பண்றாரு?' வேலைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? 'ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ' பற்றி முழு விளக்கம்

ஒரே வேலைக்கு இரண்டு பேர் இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். முதலாமவரிடம் 'எந்த ஊரு? ஓ, நம்ம பக்கம்தானா!' என்று பேச்சு கலகலப்பாகத் தொடங்குகிறது. இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. இரண்டாமவரிடம் எடுத்த எடுப்பிலேயே ஒரு கடினமான கேள்வி. பதில் சற்றுத் தடுமாறியதும், 'சரி, சொல்லி அனுப்புறோம்.' ஐந்தே நிமிடம்.

யாருக்கு வேலை கிடைத்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். ஆனால், இருவரில் யார் அந்த வேலையை நன்றாகச் செய்வார்? அது கடைசி வரை யாருக்கும் தெரியாது. இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கவே இல்லையே!

இந்தச் சிக்கலுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் தீர்வுதான் 'கட்டமைக்கப்பட்ட நேர்காணல்'. எச்.ஆர். வட்டாரத்தில் 'ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ' என்பார்கள். அது என்ன, எப்படி நடத்துவது, வேலை தேடுபவர்களுக்கு அதனால் என்ன லாபம்? விரிவாகப் பார்க்கலாம்.

கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்றால் என்ன?

நான்கே விதிகள்தான்.

* இந்த வேலைக்கு என்னென்ன திறன்கள் தேவை என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கேள்விகள் அவற்றை ஒட்டியே இருக்க வேண்டும்.
* வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை, அதே வரிசையில், ஏறக்குறைய அதே நேரத்துக்குக் கேட்க வேண்டும்.
* எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அளவுகோல், முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.
* கேள்வி கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் கலந்து பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். விவாதம் அதற்குப் பிறகுதான்.

பள்ளித் தேர்வை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு வினாத்தாள் கொடுத்து, விடைக்குறிப்பே இல்லாமல் 'பார்த்தா நல்ல பையனா தெரியுறான்' என்று மதிப்பெண் போட்டால் ஏற்றுக்கொள்வோமா? வழக்கமான பல இன்டர்வியூக்கள் அப்படித்தான் நடக்கின்றன.

வழக்கமான இன்டர்வியூவில் என்ன பிரச்னை?

'ஆளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுடும்.' பல ஆண்டுகள் ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் அடிக்கடி சொல்வது இது. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த இரண்டு சம்பவங்கள் ஆய்வு உலகில் மிகவும் பிரபலம்.

முதலாவது, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-ல் நடந்தது. நேர்காணல் நடத்தி 150 மாணவர்களைத் தேர்வு செய்து முடித்துவிட்டார்கள். அதன் பிறகு, இடங்களை 200 ஆக உயர்த்துமாறு மாகாணச் சட்டமன்றம் உத்தரவிட்டது. வேறு வழியில்லாமல், நேர்காணல் தரவரிசையில் கடைசியில் இருந்தவர்களிலிருந்து 50 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதாவது, 'வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்டவர்கள். பின்னர் இரு தரப்பினரின் படிப்பையும் மருத்துவமனைப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவுமே இல்லை.

இரண்டாவது, ஜேசன் டானா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் ஆகியோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. சக மாணவர் ஒருவரின் மதிப்பெண் அடுத்து எப்படி இருக்கும் என்று கணிக்கும்படி கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்ததைவிட, நேரில் பேட்டி எடுத்த பிறகு கணித்தது மோசமாக இருந்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பதில் சொல்பவர்களில் சிலரை, உண்மையைச் சொல்லாமல் ஒரு விதிப்படி தோராயமாக 'ஆமாம்', 'இல்லை' என்று சொல்லச் சொன்னார்கள். பேட்டி எடுத்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. கண்டபடி வந்த பதில்களைக் கோத்து, 'இவர் இப்படிப்பட்டவர்' என்று ஒரு கதையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. நம்மைப் போலவே பேசுபவரை, நம் ஊர்க்காரரைப் பிடித்துப்போகிறது. முதல் சில நிமிடங்களில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, மீதி நேரத்தை அந்த முடிவுக்கு ஆதாரம் தேடுவதில் செலவிடுகிறோம். ஒருவர் சரளமாக ஆங்கிலம் பேசினால் கணக்கும் தெரியும், நேர்மையும் இருக்கும் என்று சேர்த்தே நம்பிவிடுகிறோம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஆள் தேர்வு முறைகள் எந்த அளவுக்குச் சரியாகக் கணிக்கின்றன என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிப்பார்கள். 1 என்றால், தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே அவர் எப்படி வேலை செய்வார் என்று அச்சு அசலாகச் சொல்லிவிடலாம். 0 என்றால், பூவா தலையா போட்டுப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான்.

1998-ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அதில் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51, கட்டமைப்பு இல்லாத நேர்காணலுக்கு 0.38 கிடைத்தது. 2022-ல் பால் சாக்கெட் தலைமையிலான குழு, பழைய கணக்கீட்டில் இருந்த குறைகளைத் திருத்தி மறுபடி பார்த்தது. கட்டமைக்கப்பட்டதற்கு 0.42, கட்டமைப்பு இல்லாததற்கு வெறும் 0.19. இடைவெளி இன்னும் விரிந்தது. அந்தப் பட்டியலில் முதலிடமும் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்குத்தான். வேலை தொடர்பான அறிவைச் சோதிக்கும் தேர்வு 0.40, மாதிரி வேலை கொடுத்துப் பார்ப்பது 0.33.

கவனிக்க: 0.42 என்பது 1-க்கு வெகுதூரம். எந்த முறையும் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லாது. இருப்பதில் எது குறைவாகத் தப்பு செய்கிறது என்பதுதான் கேள்வி.

இது புதிய யோசனையா?

இல்லை. 1955-ல் இஸ்ரேல் ராணுவத்தில் புதிதாகச் சேர்பவர்களை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் நேர்காணலைச் சீரமைக்கும் பொறுப்பு, 21 வயது இளைஞர் ஒருவரிடம் கொடுக்கப்பட்டது. அவர்தான் டேனியல் கானெமன். பின்னாளில், 2002-ல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர்.

அதுவரை, 15 முதல் 20 நிமிடம் பொதுவாகப் பேசிவிட்டு 'இவர் தேறுவார், தேற மாட்டார்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கானெமன் ஆறு பண்புகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் உண்மைத் தகவல் சார்ந்த கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒன்றை முடித்து மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். பேட்டி எடுப்பவர்கள் கொதித்துப் போனார்கள். 'எங்களை இயந்திரம் ஆக்குகிறீர்கள்' என்பது அவர்களின் குறை.

கானெமன் அவர்களோடு ஒரு சமரசம் செய்துகொண்டார். ஆறு மதிப்பெண்களையும் போட்டு முடித்த பிறகு, கண்ணை மூடி யோசித்து உள்ளுணர்வில் ஒரு மதிப்பெண் போடலாம் என்றார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது புதிய முறை பழையதைவிடத் தெளிவாகச் சிறந்திருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கடைசியில் போட்ட அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் நன்றாகவே கணித்திருந்தது. ஆக, உள்ளுணர்வு கூடாது என்பதல்ல. தகவல்களை ஒழுங்காகத் திரட்டிய பிறகு வரட்டும் என்பதே பாடம்.

இந்தியாவில் இது ஏன் இன்னும் முக்கியம்?

'சொந்த ஊர் எது?', 'அப்பா என்ன பண்றாரு?', 'வீட்ல வேற யாரெல்லாம் படிச்சிருக்காங்க?' கேட்பவருக்கு இவை சாதாரண விசாரிப்புகள். பதில் சொல்பவருக்கு அப்படி இல்லை. ஊரும் தெருவும் அப்பாவின் தொழிலும் சாதியைச் சொல்லிவிடும் சமூகம் இது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் ஒருவருக்கு, அந்த அறையில் திறமையைக் காட்டுவதற்கு முன்பே ஒரு கதவு மூடிவிடுகிறது.

சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் பெரிய தனியார் நிறுவனங்களின் எச்.ஆர். அதிகாரிகள் 25 பேரிடம் பேசி, 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'எங்களுக்குத் தகுதி மட்டுமே முக்கியம், சாதி பார்ப்பதில்லை' என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால், குடும்பப் பின்னணி பற்றிக் கேட்பது அவசியம் என்றும் பெரும்பாலானோர் சொன்னார்கள்.

அதே ஆண்டு சுகதேவ் தோரட், பால் அட்டவெல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வெளிப்படையானது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதிகளுடன், பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயர்களோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் சாத்தியம் தலித் பெயர்களுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயர்களுக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. இன்டர்வியூ அறைக்கு வருவதற்கு முன்பே இந்த நிலை.

பெண்களுக்கு வேறு கேள்விகள் காத்திருக்கும். 'கல்யாணம் எப்போ?', 'குழந்தை இருக்கா, யார் பார்த்துப்பாங்க?' ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உள்ள ஒரு ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவதாக 2024 ஜூனில் செய்தி வெளியானபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அப்போது சுட்டிக்காட்டப்பட்டது, 1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தின் 5-வது பிரிவு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது அது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் ஆள் தேர்வில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான விதி இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

நேர்காணல் மதிப்பெண் பற்றிய வழக்குகள் நமக்குப் புதிதல்ல. அதில் முக்கியமான ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே போனது.

* 1970, பெரியகருப்பன் வழக்கு: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு, பொதுத்திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகளின் கீழ் அதைப் பிரித்துப் போட வேண்டும் என்பது விதி. தேர்வுக் குழு பிரிக்காமல் மொத்தமாகப் போட்டுவிட்டது. அது சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். 'ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி மதிப்பெண்' என்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் அடிப்படை விதியும் இதுதான்.
* 1980, அஜய் ஹாசியா வழக்கு: ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் 150-க்கு 50 மதிப்பெண் நேர்காணலுக்கு. ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான். அதிலும் பெற்றோர், ஊர் பற்றிய கேள்விகள் என்பது மாணவர்களின் புகார். மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது.
* 1985, அசோக்குமார் யாதவ் வழக்கு: ஹரியானா குடிமைப் பணித் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு 22.2 சதவீதம் நேர்காணலுக்குப் போனது. அப்போது யுபிஎஸ்சி கடைப்பிடித்த 12.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும், காலியிடங்களைப் போல இரண்டு, அதிகபட்சம் மூன்று மடங்கு பேரை மட்டுமே அழைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

இன்று யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் 2,025-க்கு 275 மதிப்பெண், டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வில் 850-க்கு 100 மதிப்பெண் நேர்காணலுக்கு. மத்திய அரசின் குரூப் சி, அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது.

இவை அரசுத் தேர்வுகளுக்கும் சேர்க்கைக்குமான தீர்ப்புகள். தனியார் நிறுவனத்தில் நேர்காணலுக்கு இத்தனை சதவீதம்தான் என்ற கட்டுப்பாடு இல்லை. பல இடங்களில் முழுத் தேர்வுமே இன்டர்வியூதான்.

சரி, எப்படி நடத்துவது? ஓர் உதாரணம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: வேலையைப் பிரித்து எழுதுங்கள்

'சுறுசுறுப்பானவர் தேவை' என்று எழுதினால் பயனில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்தவர் தினமும் என்ன செய்கிறார்? ஆர்டரைத் தேதிவாரியாகத் திட்டமிடுகிறார். துணி, நூல், அக்சசரிஸ் கணக்குப் பார்க்கிறார். பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறார். தாமதம் வந்தால் சமாளிக்கிறார். ஆக, நான்கு திறன்கள். ஆறுக்கு மேல் போக வேண்டாம்.

படி 2: ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கேள்வி

கேள்விகள் இரண்டு வகை. ஒன்று, நடந்ததைக் கேட்பது: 'ஒரே நேரத்தில் இரண்டு அவசர வேலைகள் வந்தபோது என்ன செஞ்சீங்க? எப்படி முடிஞ்சது?' இன்னொன்று, சூழலைக் கொடுத்துக் கேட்பது: 'சாயப்பட்டறையில் இருந்து துணி 4 நாள் லேட். ஷிப்மென்ட் தேதி மாறாது. முதலில் என்ன செய்வீங்க?' புதிதாகப் படித்து முடித்து வருபவர்களுக்கு இரண்டாவது வகை நல்லது. அனுபவம் இல்லாததாலேயே அவர்கள் பின்தங்க மாட்டார்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததைச் செய்யச் சொல்லுங்கள். பையருக்கு மெயில் எழுதத் தெரிய வேண்டும் என்றால், 15 நிமிடம் கொடுத்து ஒரு மெயில் எழுதச் சொல்லலாம். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிப் பேசச் சொல்வது அதற்கு ஈடாகாது. தமிழ் வழியில் படித்து, பேசத் தயங்கினாலும் தெளிவாக எழுதக்கூடியவர்கள் ஏராளம்.

படி 3: விடைக்குறிப்பு எழுதுங்கள்

துணி லேட் கேள்விக்கு இப்படி இருக்கலாம்:

* 1 மதிப்பெண்: 'எப்படியாவது முடிச்சுடுவேன் சார்' என்று பொதுவாகச் சொல்கிறார்.
* 3 மதிப்பெண்: பட்டறைக்குப் போன் செய்து கேட்பேன், மேனேஜரிடம் சொல்வேன் என்கிறார். பையருக்கு எப்போது சொல்வது என்ற யோசனை இல்லை.
* 5 மதிப்பெண்: எவ்வளவு துணி எந்த நாளில் வரும் என்று உறுதி செய்கிறார். வந்த துணியை வைத்து கட்டிங்கைத் தொடங்க முடியுமா என்று பார்க்கிறார். தையல் நாள்களை மறுபடி கணக்கிடுகிறார். முடியாது என்று தெரிந்தால், மாற்று வழிகளுடன் பையருக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறார்.

படி 4: இரண்டு பேர் கேளுங்கள், தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள்

முதலாளி முதலில் 'இந்தப் பையன் ஓகே' என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் வேறு மதிப்பெண் போடுவாரா? அதனால்தான் பேசாமல் எழுத வேண்டும். பதில் வந்த கையோடு போட வேண்டும். சாயங்காலம் நினைவில் இருந்து போட்டால் கடைசியாக வந்தவர்தான் மனதில் நிற்பார். இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் காரணம் பேசலாம்.

படி 5: கூட்டிப் பாருங்கள்

ஒருவர் நான்கு திறன்களில் 2, 3, 5, 2 வாங்குகிறார், மொத்தம் 12. அந்த 5, ஆங்கிலத்துக்கு. இன்னொருவர் 4, 4, 3, 4, மொத்தம் 15. வழக்கமான இன்டர்வியூவில் முதலாமவர்தான் எல்லோர் மனதிலும் நின்றிருப்பார். ஆர்டரைச் சரியான தேதியில் அனுப்பப்போவது, பெரும்பாலும், இரண்டாமவர்.

எத்தனை ரவுண்டு தேவை?

அதிக ரவுண்டு வைத்தால் நல்ல ஆள் கிடைப்பார் என்பதும் உறுதியில்லை. ஒருவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட இன்டர்வியூ வரை வைத்துக்கொண்டிருந்த கூகுள் நிறுவனம், தன் தரவுகளை அலசிவிட்டு நான்கு போதும் என்ற முடிவுக்கு வந்தது. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற புதிர்க் கேள்விகளால் பயனில்லை என்றும் அதன் அப்போதைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

எவற்றைக் கேட்க வேண்டாம்?

* சாதி, மதம், அப்பாவின் தொழில், சொந்த ஊர்
* திருமணம், கர்ப்பம், குழந்தைத் திட்டம்
* 'அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?', 'உங்க பலவீனம் என்ன?' போன்ற, மனப்பாடப் பதில் வரும் கேள்விகள்

நைட் ஷிஃப்ட் உண்டு என்றால், 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று சுற்றி வளைக்க வேண்டாம். 'மாதத்தில் இத்தனை நாள் நைட் ஷிஃப்ட் இருக்கும், உங்களுக்குச் சரிப்படுமா?' என்று ஆண், பெண் எல்லோரிடமும் கேட்டால் போதும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. கேள்வியே பாரபட்சமாக இருந்தால், அதை எல்லோரிடமும் கேட்பதால் அது நியாயம் ஆகிவிடாது. விண்ணப்பத்தை வடிகட்டும் கட்டத்திலேயே பெயரைப் பார்த்து ஒதுக்கினால், அறைக்குள் எவ்வளவு ஒழுங்காக நடத்தியும் பயனில்லை. காலையில் வந்தவர் கேள்விகளை மதியம் வருபவருக்குச் சொல்லிவிடலாம். அதனால் சமமான கடினத்தில் மாற்றுக் கேள்விகள் தேவைப்படும். விறைப்பாகக் கேட்டால் வந்தவருக்கும் மனம் ஒட்டாது. தொடக்கத்தில் இரண்டு நிமிடம் இயல்பாகப் பேசுவதிலும், 'கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க' என்று துணைக்கேள்வி கேட்பதிலும் தவறில்லை. எல்லோருக்கும் அதைச் செய்தால் சரி.

தயாரிப்புக்கு ஓரிரு நாள் ஆகும் என்பதும் உண்மை. ஆனால், தப்பான ஆளை எடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி விளம்பரம் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல.

வேலை தேடுபவர்கள் என்ன செய்யலாம்?

* விளம்பரத்தில் உள்ள பொறுப்புகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையில் இருந்து ஒரு சம்பவம் தயார் செய்யுங்கள். கல்லூரி புராஜெக்ட், பகுதி நேர வேலை, ஊர்த் திருவிழாவில் பொறுப்பு எடுத்தது, எதுவானாலும் சரி.
* சம்பவத்தை நான்கு பகுதியாகச் சொல்லுங்கள்: என்ன சூழ்நிலை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது. 'நாங்க செஞ்சோம்' என்பதைவிட 'நான் இதைச் செஞ்சேன்' என்பது தெளிவு.
* கேள்வி கேட்பவர் பேப்பரைப் பார்த்துப் படித்தாலோ, குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தாலோ பதற வேண்டாம். உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமல்ல.
* தமிழில் பதில் சொல்லலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.
* குடும்பம், திருமணம் பற்றிக் கேட்டால், 'இந்த வேலையின் நேரத்துக்கும் பொறுப்புக்கும் நான் தயார்' என்று பேச்சை வேலைக்கே திருப்பிவிடலாம்.

இன்டர்வியூ என்பது ஒரு நிறுவனத்துக்கு அரை மணி நேர வேலை. வெளியே நாற்காலியில் காத்திருப்பவருக்கு அது பல ஆண்டுப் படிப்பு, வீட்டுக் கடன், குடும்பத்தின் எதிர்பார்ப்பு. அவருக்குக் குறைந்தபட்சம் கிடைக்க வேண்டியது, அடுத்தவரிடம் கேட்ட அதே கேள்வியும் அதே அளவுகோலும்தான்.